முதல் வருடச் சம்பளம் என்ன?



எஸ்பிஎம் முடித்த என் தம்பி ஒரு நாள் கல்விக் கண்காட்சியிலிருந்து கை நிறைய தாள்களோடு வீட்டுக்கு வந்தான். எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்தான். "அண்ணே, நான் பைலட் ஆகப் போறேன்" என்றான். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அப்பா கால்குலேட்டரை எடுத்துவிட்டார். இபிஎஃப்-பில் எவ்வளவு எடுக்கலாம், வீட்டை மறுபடியும் பேங்கில் வைத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று அன்றிரவே கணக்குப் போட ஆரம்பித்தார். கிள்ளான் துறைமுகத்துக்கு லாரி ஓட்டியே சேர்த்த பணம் அது.

அந்தத் தாள்களை நானும் புரட்டினேன். கேப்டனின் சம்பளம் பெரிய எழுத்தில் இருந்தது. சிரிக்கும் முகங்கள், தோளில் தங்கப் பட்டைகள் எல்லாம் இருந்தன. ஆனால் முதல் வருடம் துணை விமானியாக உட்காருகிறவனுக்கு என்ன சம்பளம், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை, ராத்திரி எங்கே தூங்குவான் என்று ஒரு வரிகூட இல்லை.

"நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, கொஞ்சம் விசாரிச்சு சொல்லு" என்றார் அப்பா.

எனக்கு உடனே ஞாபகத்துக்கு வந்தது, பல்கலைக்கழகத்தில் பாதுகாப்புப் பாடத்துக்காக வாசித்த ஒரு விபத்து அறிக்கை. சம்பவம் நடந்தது அமெரிக்காவில். புதிதாக வேலைக்குச் சேர்ந்த விமானியின் சம்பளம், தூக்கம், பயணம் எல்லாவற்றையும் உலகத்துக்கு முன்னால் விரித்து வைத்த அறிக்கை அது. அப்பாவுக்கும் தம்பிக்கும் நான் சொன்னதை, இந்த மாதப் பாடமாக உங்களுக்கும் சொல்கிறேன்.

1. அந்த இரவு

2009 பிப்ரவரி 12. நியூயார்க் பக்கத்திலுள்ள நியூவர்க் நகரிலிருந்து பஃபலோவுக்கு ஒரு விமானம் புறப்பட்டது. பம்பார்டியர் கியூ400 என்ற, இரண்டு சுழல்விசிறி எஞ்சின் கொண்ட விமானம். சுபாங்கிலிருந்து பினாங்குக்குப் பறக்கும் ஏடிஆர் விமானத்தைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா, அந்த வகைதான். டிக்கெட்டில் 'கான்டினென்டல்' என்ற பெரிய பெயர் இருந்தது. ஓட்டியது கோல்கன் ஏர் என்ற சிறிய வட்டார நிறுவனம். விமான எண் 3407.

இரவு 10 மணி 17 நிமிடத்துக்கு, ஓடுபாதையை அடைவதற்குச் சில மைல்களுக்கு முன்னால், கிளாரன்ஸ் சென்டர் என்ற ஊரில் ஒரு வீட்டின் மேல் அது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள்.

என்ன நடந்தது? இறங்குவதற்காகச் சக்கரங்களை இறக்கியதும் விமானத்தின் வேகம் குறையத் தொடங்கியது. இரண்டு விமானிகளும் அதைக் கவனிக்கவில்லை. வேகம் மிகவும் குறைந்தபோது கட்டுப்பாட்டுத் தண்டு கடகடவென்று ஆடி எச்சரித்தது. அப்போது மூக்கைக் கீழே இறக்கி எஞ்சினுக்கு முழு விசை கொடுக்க வேண்டும். இது பயிற்சியின் ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம். கேப்டன் தண்டைத் தன் பக்கம் இழுத்தார். மூக்கு மேலே போனது. இறக்கையின் மேல் ஒட்டி ஓட வேண்டிய காற்று பிரிந்துவிட்டது. தூக்குவிசை போய்விட்டது. இதைத்தான் ஸ்டால் என்கிறோம்.

இறக்கையில் கொஞ்சம் பனி படிந்திருந்தது உண்மை. ஆனால் அந்தப் பனியோடும் விமானத்தைப் பத்திரமாக ஓட்டியிருக்கலாம் என்று விசாரணை சொன்னது. விமானத்தில் பழுதில்லை. எச்சரிக்கைக்கு கேப்டன் தவறாகப் பதில் கொடுத்ததுதான் காரணம் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010-ல் முடிவு செய்தது.

இத்தோடு அறிக்கையை மூடிவிடலாம். 'விமானி தப்பு பண்ணிட்டார்' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் விசாரித்தவர்கள் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள்: இந்த இரண்டு பேரும் முந்தின நாள் எங்கே தூங்கினார்கள்?

2. முந்தின நாள்

துணை விமானிக்கு வயது 24. நம்மில் பலருக்கு அக்கா வயது. வேலை செய்யும் தளம் நியூவர்க். ஆனால் அவர் தங்கியிருந்தது சியாட்டல் பக்கத்தில், பெற்றோர் வீட்டில். நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர். வேலைக்கு வருவதற்காக முந்தின இரவு சரக்கு விமானத்தில் இடம் கேட்டு ஏறி, மெம்ஃபிஸ் நகரில் இறங்கி, இன்னொரு சரக்கு விமானம் பிடித்து, விடியற்காலை நியூவர்க் வந்து சேர்ந்தார். பகலில் விமானிகளின் ஓய்வறையில் நேரத்தைக் கழித்தார்.

கேப்டனும் ஃபுளோரிடாவிலிருந்து அப்படி வந்து போகிறவர்தான். அவருக்கும் நியூவர்க்கில் வாடகை அறை கிடையாது. அந்த வாரத்தில் அதே ஓய்வறையில் இரவைக் கழித்திருக்கிறார். அங்கே இரவு தூங்கக்கூடாது என்பது நிறுவனத்தின் விதி. ஆனால் வேறு எங்கே போவது?

துணை விமானிக்கு அன்று சளி வேறு. புறப்படுவதற்கு முன்னால் கேப்டனிடம் அவர் பேசியது குரல் பதிவில் இருக்கிறது. வீட்டிலேயே இப்படி இருந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன், இப்போது லீவு சொன்னால் ஹோட்டலில் அறை எடுத்துத் தங்க வேண்டி வருமே என்பதுதான் அவர் பேச்சின் பொருள். அவருக்கு அந்த அறைக் காசு பெரிய காசு. விசாரணையின்போது அவருடைய வருடச் சம்பளம் 16,000 டாலர் அளவு என்று பேசப்பட்டது. நிறுவனம் பிறகு, 23,900 டாலர் வரை வரக்கூடும் என்றது. எந்தக் கணக்கை எடுத்தாலும் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் தனியாக அறை எடுத்து வாழப் போதாது. அவர் சில காலம் ஒரு காப்பிக்கடையிலும் வேலை பார்த்திருக்கிறார்.

களைப்பினால்தான் விமானம் விழுந்ததா? வாரியம் அப்படி அடித்துச் சொல்லவில்லை. இருவரின் திறமையையும் களைப்பு பாதித்திருக்கக்கூடும், ஆனால் எவ்வளவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. வாரியத்தின் தலைவர் டெபோரா ஹெர்ஸ்மன் மட்டும், களைப்பையும் காரணங்களில் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்று தனியாகக் கருத்து எழுதினார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா சொன்னார்: "லாரிக்காரன் கண்ணைத் திறந்துகிட்டே தூங்குவான்டா. தூங்கினோம்னு அவனுக்கே தெரியாது."

3. சம்பளம் எப்படிக் கணக்காகிறது?

பைலட் சம்பளம் என்றால் மாதச் சம்பளம் என்று நினைத்திருந்தேன். அமெரிக்க வட்டார நிறுவனங்களில் அது மணிக்கணக்கு. அந்த மணியும் சாதாரண மணி இல்லை, 'பிளாக்' மணி. விமானம் வாசலை விட்டு நகரும்போது கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அடுத்த ஊரில் வாசலில் நின்றதும் கடிகாரம் நின்றுவிடும்.

ஒரு சாதாரண நாளைப் பாருங்கள். நான்கு பயணம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் பயணத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வர வேண்டும். வானிலை பார்க்க வேண்டும், எரிபொருள் கணக்குப் பார்க்க வேண்டும், விமானத்தைச் சுற்றி வந்து சோதிக்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் நடுவில் முக்கால் மணி, ஒரு மணி என்று காத்திருப்பு. மொத்தத்தில் எட்டு மணி நேரம் வேலையில் இருப்பார். சம்பளக் கணக்கில் நான்கு மணி நேரம்தான் ஏறும். குறைந்தது இத்தனை மணிக்குச் சம்பளம் உண்டு என்று சில ஒப்பந்தங்கள் உத்தரவாதம் தருகின்றன. சாப்பாட்டுக்குச் சின்னப் படியும் உண்டு. அவ்வளவுதான்.

இப்போது ஒரு உதாரணக் கணக்கு. மாதத்துக்கு 75 மணி உத்தரவாதம், மணிக்கு 22 டாலர். 75 × 22 = 1,650 டாலர். வருடத்துக்கு 19,800 டாலர். அந்தக் காலத்தில் முதல் வருடத் துணை விமானிக்கு மணிக்கு இருபது சொச்சம் டாலர் என்பது சகஜம். இதில்தான் வாடகை, சாப்பாடு, பறக்கும் பள்ளிக்கு வாங்கிய கடன் எல்லாம்.

தம்பி தலையைச் சொறிந்தான். அப்பாவுக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது. "இது எங்க டிரிப்புக் காசு மாதிரிதான். போர்ட்டுல ஆறு மணி நேரம் வரிசையில நின்னாலும் யாரும் காசு தர மாட்டான். சாமான் இறங்கினாத்தான் காசு." முப்பது வருடம் லாரி ஓட்டியவருக்கு விமானியின் சம்பளச் சீட்டை நான் விளக்க வேண்டியதே இல்லை.

இன்னொன்று உண்டு. புதியவர்கள் பெரும்பாலும் 'ரிசர்வ்' முறையில் இருப்பார்கள். போன் வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும் என்பதுபோல் விதி இருக்கும். அதனால் தளத்துக்குப் பக்கத்திலேயே தங்கியாக வேண்டும். ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அடுக்குக் கட்டிலில் மாறி மாறிப் படுப்பார்கள். அதற்கும் காசில்லாதவர்களுக்கு ஓய்வறை நாற்காலிதான்.

4. ஏன் இவ்வளவு குறைவு?

1978-ல் அமெரிக்கா விமானத் துறையைத் திறந்துவிட்டது. எந்த வழித்தடத்தில் ஓட்டுவது, என்ன கட்டணம் என்பதை நிறுவனங்களே முடிவு செய்யலாம் என்றானது. போட்டி கூடியது, டிக்கெட் விலை இறங்கியது. பெரிய நிறுவனங்கள் சின்ன ஊர்களுக்கான பயணங்களைப் பிறகு வட்டார நிறுவனங்களிடம் குத்தகைக்குக் கொடுத்தன. விமானத்தில் பெரிய கம்பெனியின் வண்ணமும் பெயரும் இருக்கும். விமானி மட்டும் சின்னக் கம்பெனியின் ஆள். பெரிய கம்பெனி ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடும். எரிபொருள் விலையை வட்டார நிறுவனம் குறைக்க முடியாது. குறைக்க முடிந்ததில் ஒன்று ஆள் சம்பளம். அடுத்த ஒப்பந்தத்தைப் பிடிக்க, யார் குறைவாகக் கேட்கிறார்கள் என்ற போட்டி.

அப்படியிருந்தும் இளைஞர்கள் ஏன் சேர்ந்தார்கள்? அது ஏணியின் முதல் படி. இங்கே மணிநேரம் சேர்த்தால்தான் பெரிய நிறுவனத்துக்குப் போக முடியும். கடன் வாங்கிப் படித்தாகிவிட்டது. பறக்க வேண்டும் என்ற ஆசை வேறு. 'சம்பளம் குறைவா இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு விமானம் கொடுத்தால் போதும்' என்று வரிசையில் நிற்கிறவர்கள் இருக்கும்வரை சம்பளம் ஏறாது. நம் ஆசையே நம் விலையைக் குறைக்கும். இதைத் தம்பியிடம் சொல்லும்போது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கோல்கன் விபத்துக்கு ஒரு மாதத்துக்குள் முன்னால்தான், 2009 ஜனவரி 15 அன்று, கேப்டன் செஸ்லி சல்லன்பர்கர் எஞ்சின் நின்றுபோன விமானத்தை ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றினார். உலகமே கொண்டாடியது. அடுத்த மாதம் அவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவுக்கு முன்னால் பேசியபோது தன் சாகசத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகவில்லை. தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும், ஓய்வூதியம் போனதையும் சொன்னார். தனக்குத் தெரிந்த விமானிகளில் ஒருவர்கூடத் தன் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்று விரும்பவில்லை என்றும் சொன்னார்.

5. பிறகு என்ன மாறியது?

3407-ல் இறந்தவர்களின் குடும்பத்தார் சும்மா இருக்கவில்லை. திரும்பத் திரும்ப வாஷிங்டனுக்குப் போனார்கள். உறுப்பினர்களின் அலுவலகக் கதவுகளைத் தட்டினார்கள். அதன் பலனாக 2010 ஆகஸ்ட்டில் புதிய விமானப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தினால் வந்த முக்கிய மாற்றங்கள் இவை:

• 2013 முதல், துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் தேவை. முன்பு 250 மணி போதும். ராணுவ விமானிக்கும், அங்கீகாரம் பெற்ற விமானப் பட்டப்படிப்பு முடித்தவருக்கும் சலுகை உண்டு.

• 2014 ஜனவரி முதல், பணிக்கு முன்னால் குறைந்தது 10 மணி நேர ஓய்வு. அதில் 8 மணி நேரம் தடையில்லாமல் தூங்க வாய்ப்பு இருக்க வேண்டும். எத்தனை மணிக்கு வேலை தொடங்குகிறது, எத்தனை பயணம் என்பதைப் பார்த்து அன்றைய வேலை நேர வரம்பு மாறும்.

• பெரிய பெயரில் டிக்கெட் விற்றாலும், உண்மையில் ஓட்டும் நிறுவனம் எது என்று பயணிக்குச் சொல்லியாக வேண்டும்.

நன்றாகக் கவனியுங்கள். அந்த 24 வயது துணை விமானிக்கு ஏற்கெனவே 2,200 மணிக்கு மேல் அனுபவம் இருந்தது. 1,500 மணி விதி அன்றே இருந்திருந்தாலும் அவரைத் தடுத்திருக்காது. வீட்டிலிருந்து தளத்துக்கு வரும் நீண்ட பயணமும் இன்றுவரை வேலை நேரமாகக் கணக்கில் வரவில்லை. களைப்பில்லாமல் வருவது விமானியின் பொறுப்பு என்று விதி சொல்கிறது. சரிதான். ஆனால் தளத்துக்குப் பக்கத்தில் அறை எடுக்கச் சம்பளம் போதாதவர் அந்தப் பொறுப்பை எப்படி நிறைவேற்றுவார்? சட்டம் தூங்குவதற்கு நேரம் கொடுக்கலாம். கட்டிலுக்கு வாடகை சம்பளத்திலிருந்துதான் வர வேண்டும்.

சம்பளம் பெரிதாக ஏறியது சட்டத்தால் மட்டும் இல்லை, ஆள் பற்றாக்குறையால். 1,500 மணி விதியினால் புதியவர்கள் வருவது தாமதமானது. 2020-ல் கோவிட் காலத்தில் மூத்த விமானிகள் பலர் முன்கூட்டியே ஓய்வு பெற்றார்கள். 2022-ல் பயணிகள் திரும்பி வந்தபோது ஓட்ட ஆளில்லை. அந்த வருடம் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்களான என்வாய், பீட்மாண்ட் இரண்டும் முதல் வருடத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. அதில் ஒரு பகுதி தற்காலிக ஊக்கத்தொகை. ஆனாலும் இருபது சொச்சத்திலிருந்து தொண்ணூறு! அதே வேலை, அதே இருக்கை. முன்பு ஏன் கொடுக்க முடியவில்லை என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆள் தேவைப்படும்போது ஏறுகிற சம்பளம், தேவை குறைந்தால் நின்றுவிடும். விமானத் துறை அலைபோல ஏறி இறங்கும் துறை. கடனுக்குத் தவணை மட்டும் இறங்காது.

6. நமக்கு என்ன பாடம்?

'பைலட் ஆகாதே' என்று நான் தம்பியிடம் சொல்லவில்லை. யாருக்கும் அப்படிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. புதியவரின் சம்பளமும் தூக்கமும் அவருடைய சொந்தக் கஷ்டம் என்று நினைக்கிறோம். அது பின்னால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரின் பாதுகாப்பு. அதனால் சம்பளத்தைப் பற்றிக் கேட்பது பேராசை இல்லை, தூக்கத்தைப் பற்றிக் கேட்பது சோம்பேறித்தனமும் இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் அவை.

நானும் தம்பியும் சேர்ந்து ஒரு பட்டியல் எழுதினோம். பைலட் மட்டுமில்லை, எந்தத் தொழிலுக்குப் போகிறவர்களும் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று: பணம் கட்டுவதற்கு முன்னால், முதல் வகுப்பு மருத்துவச் சோதனையில் தேறுவேனா? கண், காது, நிறப் பார்வை எல்லாம் பார்ப்பார்கள். படித்து முடித்த பிறகு தெரிந்தால் பணம் போனது போனதுதான்.

இரண்டு: லைசென்ஸ் கையில் வந்த பிறகு, குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும். அந்தச் செலவு யாருடையது?

மூன்று: எத்தனை வருட ஒப்பந்தம்? பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்?

நான்கு: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பறந்தால் மட்டும் கிடைப்பது எவ்வளவு? விமானம் ரத்தானால் என்ன?

ஐந்து: தளம் எங்கே? அங்கே அறை வாடகை எவ்வளவு? மாதச் சம்பளத்தில் வாடகையும் கடன் தவணையும் போனால் மிச்சம் என்ன?

ஆறு: உடம்பு சரியில்லை, களைப்பாக இருக்கிறது என்று சொன்னால் சம்பளம் வெட்டுவார்களா?

ஏழு: போன வருடம் படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் இன்று விமானம் ஓட்டுகிறார்கள்?

தம்பி தான் போக நினைத்த பள்ளிக்கு போன் போட்டு இந்தக் கேள்விகளைக் கேட்டான். இரண்டுக்குத் தெளிவான பதில் வந்தது. ஏழாவது கேள்விக்கு, 'நேரில் வாங்க, பேசலாம்' என்றார்கள். அப்பா அன்றைக்கே இபிஎஃப் தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

தம்பி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாவது நாள் வந்து, "அண்ணே, முதல்ல மெடிக்கல் எடுத்துப் பார்க்குறேன். பாஸானா அப்புறம் ஒரு பைலட்டைத் தேடிப் புடிச்சு ஏழாவது கேள்வியைக் கேக்குறேன்" என்றான். ஆசை போகவில்லை. போக வேண்டியதும் இல்லை. இப்போது அவனிடம் ஆசையோடு ஒரு கணக்கும் இருக்கிறது.

அப்பா கடைசியாக அவனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நாளைக்கு நீ எந்த வண்டி ஓட்டினாலும் சரி, தூக்கம் வந்தா 'முடியல'ன்னு சொல்லிடு. காசு போனாப் போகுது."

அப்படிச் சொல்கிறவனுக்கு அந்தக் காசு போனாலும் மாதம் ஓட வேண்டும். அதற்குத்தான் அந்த ஏழு கேள்விகள்.

குழுவாகக் கலந்துரையாட:

1. கேப்டன் தவறு செய்தார் என்று அறிக்கை சொல்கிறது. அப்படியென்றால் சம்பளத்தையும் தூக்கத்தையும் பற்றி ஏன் பேச வேண்டும்?

2. உடம்பு முடியாமல் இருந்தும் 'லீவு எடுத்தால் காசு போகும்' என்று நீங்களோ உங்கள் வீட்டாரோ வேலைக்குப் போன நாள் உண்டா? அன்று யாருக்கு ஆபத்து இருந்தது?

3. நீங்கள் படிக்கும் படிப்புக்கு முதல் வருடச் சம்பளம் என்ன? வாடகையும் கடனும் கழித்து ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளோடு வாருங்கள்.